பத்தடி முன்னால்

"விடு பாப்பா. அது போகாது."

அத்தை மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். பாப்பா விடவில்லை. தின்னரில் நனைத்த பஞ்சை அப்பாவின் ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டிய கை. வார்னிஷ் நகக்கண்ணில் இறங்கி, பழுப்பேறி, தோலோடு தோலாகக் கிடந்தது.

"உசுரோட இருக்கறப்பவே போகல. உங்கம்மா எலுமிச்சம்பழத்த வச்சுத் தேய் தேய்னு தேய்ச்சா. இப்பப் போயி வெளுத்துடப் போகுதா?"

"ஆஸ்பத்திரி நாத்தம் போகட்டும்னுதான் அத்தை."

"தின்னர் நாத்தத்த வச்சு ஆஸ்பத்திரி நாத்தத்த விரட்டறியா? நல்லாருக்கு உன் வைத்தியம்." சொல்லிவிட்டு அத்தை முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூக்கைச் சிந்தினாள். செத்துக் கிடப்பவர் அவளுக்குத் தம்பி. அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள்.

மாடிப்படி குறுகல் என்பதால் உடலை மேலே கொண்டுபோகவில்லை. காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கீழே பட்டறையிலேயே கிடத்திவிட்டார்கள். தலைமாட்டில் செம்புக் கம்பிச் சுருள்கள். கால்மாட்டில் பிரித்துப் போட்ட மோட்டார்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பேர் எழுதிய அட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அட்டையில் இருப்பது பாப்பாவின் எழுத்து.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. கட்டிக் கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து பதினெட்டு வருஷம். வந்த நாளிலிருந்து பட்டறையில் அட்டை எழுதுவதும் போன் எடுப்பதும் அவள் வேலை. யார் பேசினாலும், எந்த மோட்டார் எப்போது வேண்டும் என்று கேட்டாலும், அப்பாவிடம் அப்படியே ஒப்பிப்பாள். "என் பொண்ணு காதுல விழுந்தா என் காதுல விழுந்த மாதிரி" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் சொல்லாமல் விட்ட போன் ஒன்றே ஒன்றுதான்.

வாசலில் அண்ணன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. வெளியூரிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியவன்; சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மூணு மணிக்கு வந்துடணும்... ஆமா, சுத்துச்சாலை வழியாத்தான்... ஏசியெல்லாம் எதுக்குங்க, பெரிய வேனா இருந்தாப் போதும்."

பாப்பாவின் கை நின்றது.

"அண்ணா, வேன் எதுக்கு?"

"பின்ன? தோள்லயா தூக்கிட்டுப் போறது?"

"அப்பா நடந்துதான் போகணும்னு சொல்லிட்டே இருப்பாரு."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. பதினோரு கிலோமீட்டர் சுத்திப் போக நான் என்ன டூரா போறேன்னு கேப்பாரு. எனக்கும் தெரியும்." அண்ணன் உள்ளே வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான், குரலை இறக்கிக்கொண்டான். "அந்தத் தெரு வழியா போகணும்னா முன்னால ஒருத்தர் நடக்கணும். யாரு நடப்பா? உங்க நர்சம்மாவா?"

"கேட்டீங்களா?"

"எட்டு மாசமா எட்டிப் பாக்காத பொம்பளைய, இன்னிக்குப் போயி நான் கேக்கணுமா? ஆஸ்பத்திரில பதினேழு நாள் கெடந்தாரு. ஒரு எட்டு வந்தாங்களா? ஊருக்கெல்லாம் நடந்தவருக்கு யாரு நடந்தா, சொல்லு."

பாப்பா பஞ்சை டப்பாவில் போட்டு மூடினாள்.

அந்த நடை என்னவென்றால் இதுதான். இந்தப் பக்கத்துக்காரர்களின் இடுகாடு தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துக்காரர்களின் தெருவையும் தாண்டிப் போனால் வரும். அவர்களுடையது இந்தப் பக்கம், கடைவீதிக்குப் பின்னால். எந்தக் காலத்தில் யார் இப்படி மாற்றி வைத்தார்களோ, ஊர் ஒன்றாக இருந்தவரை அது யாருக்கும் உறைக்கவில்லை. சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கே முற்றியது என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. கடைவீதியில் அவர்களுடைய சவ ஊர்வலத்தின்மேல் ஒரு கல் விழுந்தது. தூக்கி வந்தவருக்கு மண்டை உடைந்து, உடல் தரையில் புரண்டது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் பதிலுக்கு ஒன்று. பிறகு பத்தொன்பது நாள் ஊரடங்கு. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் செத்தவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுச்சாலையில் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரியில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அப்பா கழற்றப் போனார். அங்கே பெரிய நர்சாக இருந்தவர் நர்சம்மா, அந்தப் பக்கத்துக்காரர். பம்பு அறை வாசலில் நின்று அவர் பேசியதை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், வார்த்தை மாறாமல்.

"எங்க ஆளுங்க உங்க கடைவீதில வர்றப்ப நீங்க பத்தடி முன்னால நடங்க, மோட்டார்க்காரரே. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"நான் நடந்தா?"

"கல்லெடுக்கறவன் கண்ணுக்கு முதல்ல உங்க மண்டை தெரியும். அவன் வீட்டு மோட்டார் உங்க பட்டறையிலதானே கெடக்கும்? தண்ணி வேணுமா வேணாமான்னு ஒரு நிமிஷம் யோசிப்பான்."

"உங்க தெருவுல எங்க ஆளுங்க வந்தா?"

"நான் நடக்கறேன். பாதித் தெரு என் கையில விழுந்த புள்ளைங்க. என்மேல எறிஞ்சான்னா அவன் ஆத்தாளே அவனை உரிச்சுத் தொங்க விட்டுடுவா."

இரண்டு பேரும் சேர்ந்து மூன்று விதி வைத்துக்கொண்டார்கள். சாவு வீட்டார் கேட்காமல் போகக் கூடாது. கேட்டால் போகாமல் இருக்கக் கூடாது. முடிந்த பிறகு அதைப்பற்றி வாயே திறக்கக் கூடாது. நன்றியும் கிடையாது, குறையும் கிடையாது. "நன்றி சொல்ல ஆரம்பிச்சோம்னா, யாருக்கு யாரு எத்தனை தடவ நடந்தாங்கன்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க" என்பார் அப்பா. பன்னிரண்டு வருஷம் நடந்தார்கள். ஒரு கல் விழவில்லை.

பாப்பா எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"எங்கடி போறே, பொணத்தப் போட்டுட்டு?" என்றாள் அத்தை.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்."

"இப்பவா?"

"இப்பவே ரொம்ப லேட்டு அத்தை."

*

நர்சம்மா வீடு தெருவின் நடுவில், தெருக்குழாய்க்கு எதிரே. கதவு திறந்திருந்தது. இரண்டு கால்களையும் ஸ்டூல்மேல் நீட்டி, முட்டிகளில் துணி சுற்றி, நர்சம்மா நாற்காலியில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வா. பால்காரர் சொன்னாரு, காலைல" என்றார். "எத்தனை மணிக்கு?"

"அஞ்சரை."

"மூச்சுத் திணறலா?"

"இல்ல. தூக்கத்துலயே."

"அது நல்லது." நர்சம்மா தலையை ஆட்டினார். "நான் வந்து பாத்திருக்கணும். வரல. மனசுல ஒண்ணு இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு வந்து பொய்யா சிரிக்க எனக்கு வராது."

பாப்பா உட்காரவில்லை.

"நர்சம்மா, உங்க வீட்டுக்காரர் தவறினன்னிக்கு அப்பாவுக்கு போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"தெரியும். என் பையன்தான் பேசினான். பதினோரு மணிக்கு வந்துடச் சொன்னேன், சரி சொல்லிடறேன்னு அவங்க பொண்ணு சொல்லுச்சுன்னான்."

"நான் சொல்லல."

"என்ன சொல்லல?"

"அப்பாகிட்ட. நான் சொல்லவே இல்ல."

வெளியே தெருக்குழாயில் யாரோ குடத்தை வைத்துத் திறந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் அடங்கியதும் நர்சம்மா கேட்டார்.

"அன்னிக்கு அவருக்குப் பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்தித்தொண்ணூறு. நெஞ்சுல அடைப்புன்னு ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்து பத்து நாள்தான் ஆயிருந்துச்சு. வெயில்ல காலே வைக்கக் கூடாதுன்னாங்க. மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தாரு. எழுப்பிச் சொன்னா போயிடுவாரு. கேட்டா போகாம இருக்க மாட்டாரே."

"அதனால."

"அதனாலயும்தான்." பாப்பா கையிலிருந்த தின்னர் வாடையைப் புடவையில் துடைத்தாள். "அது மட்டும்னு சொன்னா பொய். என் விவாகரத்துக் கேஸு தீர்ப்பு வந்தன்னிக்கு அப்பா கூட வர்றேன்னாரு. காலைல உங்க பக்கத்துலேர்ந்து போன். யாரோ ஒரு பாட்டி. அவங்க முன்னால நடக்கப் போயிட்டாரு. நான் கோர்ட்டு பெஞ்சுல தனியா உக்காந்திருந்தேன், சாயங்காலம் வரைக்கும். அதுவும் எங்கயோ இருந்துச்சு போல. போனை வச்சுட்டு, போதும்ப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது வீட்ல இருன்னு நெனச்சேன். அவர் வரலைன்னா அரை மணி பாத்துட்டு நீங்க வேன்ல போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

"அரை மணியா? எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நாலு மணி நேரம் பாப்பா. சரின்னு சொன்னியே. மோட்டார்க்காரர் வீட்லேர்ந்து ஒரு வார்த்தை வந்தா அது வந்ததுதான்னு நின்னாங்க. என் பையன் ரெண்டு தடவ திரும்பப் போன் போட்டானாம். எடுக்கல."

பாப்பாவுக்கு நினைவிருந்தது. இரண்டு தடவை அடித்தது. மணிச் சத்தம் அப்பாவை எழுப்பிவிடப் போகிறதே என்று போனைத் தலையணைக்கடியில் செருகியிருந்தாள்.

"அவருக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"சாயங்காலம். டீக்கடையில யாரோ சொல்லியிருக்காங்க, நர்சம்மா வீட்டுக்காரரை வேன்ல கொண்டு போயிட்டாங்கன்னு. வந்து உக்காந்தாரு. என்னை ஏன் பாப்பா கேக்கலைன்னாரு. உங்களுக்கு உடம்பு முடியலைன்னு தெரிஞ்சிருக்கும்பான்னு சொன்னேன். அப்புறம் தண்டவாளத்தத் தாண்டவே இல்ல. முந்தாநாள் ஆஸ்பத்திரில கேட்டாரு, நான் அந்தம்மாகிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனான்னு."

"நீ என்ன சொன்னே?"

"இல்லப்பான்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நர்சம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எட்டு மாசம். தினமும் காலைல எழுந்தா அந்த மனுஷனைத் திட்டுவேன். ரெண்டு பக்கத்துக்கும் சமாதானம் பண்ண வந்தவங்க நாங்க. ஒரு போனைப் போட்டு, ஏன்யா வரலைன்னு கேக்க வாய் வரல எனக்கு. குறை சொல்லக் கூடாதுன்னு சட்டம் வேற போட்டு வச்சிருக்கோமே, பெரிய இவங்களாட்டம்."

"என்னைத் திட்டுங்க நர்சம்மா."

"உன்னை வெளியில இழுத்துப் போட்டதே இந்தக் கைதான். அப்பவே நீ வாயத் திறக்கல. தலைகீழாத் தூக்கி ரெண்டு போட்டப்புறம்தான் அழுதே." நர்சம்மா சிரிப்பதுபோல இருந்தது, சிரிக்கவில்லை. "நானா இருந்தாலும் அந்த பிரஷரோட அவரை நடக்க விட்டிருக்க மாட்டேன். ஆனா போன்ல அவர் வர மாட்டாருன்னு சொல்லியிருப்பேன். அது ஒரு வார்த்தைதான்."

"ஆமா."

"சரி, இப்ப எதுக்கு வந்தே? இதைச் சொல்லவா?"

"அண்ணன் வேனுக்குச் சொல்லிட்டாரு. அப்பா நடந்து போகணும்னு ஆசைப்பட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறோம். முன்னால..."

நர்சம்மா முட்டிமேல் இருந்த துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு முட்டியும் வீங்கிப் பளபளத்தன. "பாத்ரூமுக்கே சுவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான். நான் எங்க நடக்க? நடக்க முடிஞ்சாலும் நான் நடந்து பிரயோஜனமில்ல. அன்னிக்கு நான் வீட்ல உக்காந்திருந்தேன். தோள்ல அவங்கப்பனை வச்சுக்கிட்டு நின்னது என் பையன். அவன்கிட்ட போயி கேளு."

"வருவாரா?"

"எனக்கென்ன தெரியும்? கேளு. கேக்கணும்ங்கறதுதானே விதி."

*

தண்டவாளத்தின் ஓரத்தில் நர்சம்மா மகனுடைய பஞ்சர் கடை. வரும்போது பாப்பா தலையைக் குனிந்துகொண்டு அதைக் கடந்துதான் வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும் மனிதர், குந்தி உட்கார்ந்து ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இவரை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறாள். இன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"போனை எடுத்தது நான்தாங்க" என்றாள்.

அவர் நிமிரவில்லை. "தெரியும். சரி சொல்லிடறேன்னீங்க. அந்தக் குரல் எட்டு மாசமா காதுலயே இருக்கு."

"நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல. அவருக்கு உடம்பு முடியல. எழுப்பல. அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

ட்யூபில் ஒரு இடத்தில் குமிழி கிளம்பியது. அவர் அதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். அடைத்தபடியே இருந்தார்.

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"அவரு வர மாட்டேன்னு சொல்லலையா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு? நீங்க அவரைக் கூப்பிடவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தாரு."

வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்த யாரோ வந்து, "ஆச்சா?" என்றார். "இல்ல, அப்புறம் வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் கடைக்காரர் பேசினார்.

"இதோ, இங்கதான் நின்னோம். நீங்க நிக்கற எடத்துல. தூக்கிட்டா கீழ வைக்கக் கூடாதில்ல. தோள் மாத்தி மாத்தி நின்னோம். நிழலே கெடையாது இங்க. மாமா ஒருத்தருக்கு மயக்கம் வந்துடுச்சு. பன்னெண்டு, ஒண்ணுன்னு ஆச்சு. பசங்களுக்கு ஆத்திரம். தண்டவாளத்துல கல்லுக்கா பஞ்சம்? ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கிட்டானுங்க. கடைவீதிக்குள்ள எறங்கிடலாம்னாங்க."

பாப்பா கீழே பார்த்தாள். தண்டவாளத்தின் நடுவே கருங்கல் ஜல்லி குவிந்து கிடந்தது.

"நான்தான் கீழ போடச் சொன்னேன். எல்லாருகிட்டயும் கெஞ்சினேன், எங்கப்பனைத் தோள்ல வச்சுக்கிட்டு. எதுக்கு தெரியுமா? அந்த நேரம் பாத்து மோட்டார்க்காரர் வந்துட்டா, முதல்ல அவர் மண்டையிலதானே படும்னு."

பாப்பா காலடியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஒதுக்கினாள்.

"அதுக்கப்புறம் உங்கப்பாவைத் தெருவுல யாராவது தப்பாப் பேசினா, ஆமாடா, சரியான ஆளுன்னு நானும் சேர்ந்து பேசினேன்." கட்டைவிரலை எடுத்தார். குமிழிகள் மேலே வந்து வெடித்தன. "அதை இப்ப என்ன பண்றது?"

"எனக்குத் தெரியலண்ணே" என்றாள் பாப்பா. சொன்ன பிறகுதான் அண்ணே என்று சொல்லிவிட்டது தெரிந்தது. "நாலு மணிக்கு எடுக்கறோம். அப்பா முன்னால நடக்க வாங்க. கேக்கறேன்."

அவர் ட்யூபைத் துடைத்து, ஓட்டையைச் சுற்றி உரசத் தொடங்கினார்.

"கேட்டுட்டீங்க. போங்க. சரின்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தைய நம்பி நின்னவன் நான்."

*

"வர்றேன்னு சொன்னாங்களா?" என்றான் அண்ணன்.

"சொல்லல."

"அப்ப வேன்தான்."

"வேணாம்ணா. நான் கேட்டிருக்கேன்."

"கேட்டா? எட்டு மாசமா அவங்களுக்கு என்னவோ கடுப்பு. அவங்க கூப்பிடலைன்னு இவருக்குக் கடுப்பு. இதுல நீ போயி..."

"ரெண்டும் நான் பண்ணதுண்ணா."

அப்பாவின் கால்மாட்டில், மோட்டார்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் அன்று மூன்றாவது தடவையாக அதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டே வந்தது. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தை விசிறியைக் கீழே வைத்துவிட்டாள்.

அண்ணன் ஒரு மோட்டாரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"உன்கிட்ட சொல்லி என்னடா ஆவப் போவுது?" என்றாள் அத்தை. "சொல்ல வேண்டியவன் இதோ கெடக்கான்."

அண்ணன் வேனைப் போகச் சொல்லவில்லை. "பின்னாடி வரட்டும்" என்றான்.

நான்கு மணிக்கு அப்பாவைக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். கடைவீதியில் பாதிக் கடை சாத்தியிருந்தது. தெரிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்பாவிடம் மோட்டார் கொடுத்துவைத்திருந்தவர்கள் இரண்டு பேர் வந்து தோள் கொடுத்தார்கள். வேன் கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாததுபோல ஊர்ந்து வந்தது. வளைவு திரும்பியதும் தண்டவாளம்.

அங்கே யாரும் இல்லை.

கட்டில் நின்றது. எதிரே பஞ்சர் கடை திறந்திருந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பம்பு ஏறி இறங்கும் சத்தம் தண்டவாளத்தைத் தாண்டிக் கேட்டது. அவர் தெருவில் சிலர் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்று அண்ணன் மெல்லக் கேட்டான். தோளில் முன்பக்கத்துக் கம்பு அவனுடையது.

"தெரியலண்ணா."

வெயில் இன்னும் இறங்கவில்லை. நிழல் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை என்பதைப் பாப்பா அப்போதுதான் பார்த்தாள். ஒருவர் தோள் மாற்றிக்கொண்டார். இன்னொருவரும் மாற்றிக்கொண்டார். அண்ணன் திரும்பி வேனைப் பார்த்தான். கையைத் தூக்கப் போனான்.

பம்பு சத்தம் நின்றது.

அவர் எழுந்து பம்பைச் சுவரோடு சாய்த்து வைத்தார். சக்கரத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ரோட்டுக்கு வந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்று, நடக்கத் தொடங்கினார்.

பத்தடி விட்டுக் கட்டில் அவருக்குப் பின்னால் போனது. எண்ண வேண்டியிருக்கவில்லை. தூக்குகிறவர்களுக்கு அந்தத் தூரம் கால்பழக்கம்.

அவர் கொஞ்சம் வேகமாக நடந்தார். பழக்கமில்லாதவர். பிறகு தானாகவே குறைத்துக்கொண்டார். வாசல்களில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு கட்டிலைப் பார்த்தார்கள். ஒரு வாசலில் பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ மேலே ஏற்றினார்கள்.

நர்சம்மா வீட்டுக்கு எதிரே, தெருக்குழாயிடம் வந்ததும் அவர் நின்றார்.

பின்னால் எல்லோரும் நின்றார்கள்.

அவர் குழாயைத் திறந்தார். மேடையில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்தார். கையில் மணிக்கட்டு வரைக்கும் கிரீஸ். உள்ளங்கையைத் தேய்த்தார், புறங்கையைத் தேய்த்தார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்துக்கு நகம் சுரண்டித் தேய்த்தார். கழுவிப் பார்த்துவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டார்.

"என்ன இது" என்றான் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நில்லுங்கண்ணா. அவங்க நாலு மணி நேரம் நின்னாங்க."

வாசலில் நர்சம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்காரவில்லை. மகனைப் பார்க்கவில்லை, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு வெளியே அப்பாவின் வலது கை சற்றே சரிந்து தெரிந்தது. பின்னால் நின்ற ஒருவர் தோள் மாற்றினார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வேன்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை என்றதும் மறுபடி அடிக்கவில்லை.

அவர் குழாயை மூடினார். சொட்டியது. இன்னும் இறுக்கினார். நின்றது. சோப்புத் துண்டை இருந்த இடத்திலேயே வைத்து, இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கு வந்தார். நடந்தார்.

சாம்பல் நிறத் தண்ணீர் மேடையிலிருந்து வழிந்து ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. தூக்கியவர்கள் அதைப் பார்த்துக் கால் வைத்துத் தாண்டினார்கள், ஒருவர் பின் ஒருவராக.